ராக் ஆல்பங்கள்: டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

திருவையாறு: மிருதங்கம் கற்கிறேன் அண்ணா. பிங்க் ஃபிளாய்டின் ‘மனி’ பாட்டு 7 எண்ணிக்கை என்கிறார்கள். மிஸ்ர சாப்பு (7 எண்ணிக்கை தாளம்) போட்டால் கை ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: 7 சரிதான் தம்பி, பிரித்த விதம்தான் இடிக்கிறது. தகிட தகதிமி என்று 3+4 போட்டால் இரண்டாம் பகுதி 4-ல் தொடங்கும். அங்கேதான் ஸ்னேர் (டிரம்ஸில் கூர்மையான சத்தம் தரும் சிறு டிரம்) அடி விழுகிறது. அதனால் தலைகீழாகத் தோன்றும். விலோமமாக, அதாவது வரிசையைத் திருப்பி, தகதிமி தகிட என்று போடுங்கள். ஸ்னேர் 2, 4, 6-ல் விழும், 7 முடிந்ததும் சமம், அதாவது தாளத்தின் முதல் அடி. சாக்ஸபோன் சோலோ வரை இதே கணக்கு. கிட்டார் சோலோ வந்ததும் பாட்டு 4-க்கு மாறிவிடும். அங்கே தடுமாறினால் குற்றம் உங்கள் கையில் இல்லை.

இது பழகியதும் டூல் குழுவின் ‘லேட்டராலஸ்’ (2001) ஆல்பத்தில் ‘சிஸம்’ கேளுங்கள். முதன்மை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கு) கண்டம் ஒன்று, மிஸ்ரம் ஒன்று: 5+7. கூட்டினால் 12 என்பதால் ரூபக தாளம் போட்டாலும் சமத்துக்கு வந்து சேரும். அதுதான் ஏமாற்று வேலை. நடுவில் வரும் அழுத்தம் எதுவும் தட்டில் விழாது.

தஞ்சாவூர்: எங்கள் பேண்டின் டிரம்ஸைப் பதிவு செய்தால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல இருக்கிறது. லெட் செப்பலின் நான்காம் ஆல்பத்தில் கடைசிப் பாட்டுக்கு அந்த முழக்கம் எப்படி வந்தது? எங்களிடம் முற்றம் வைத்த பழைய வீடு இருக்கிறது.

பதில்: ‘வென் த லெவி பிரேக்ஸ்’, 1971. லெவி என்றால் வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய ஆற்றங்கரை. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிவு செய்த பாட்டு அது. கொள்ளிடக் கரையில் மணல் மூட்டை அடுக்கிய ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகை. டிரம்ஸ் மாடிப்படிக்கட்டின் அடியில். இரண்டே இரண்டு மைக், மேலே படி வளைவில். கம்ப்ரஸரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) நன்றாக நசுக்கி, எக்கோ கருவியும் சேர்த்தார்கள். முழக்கத்தில் பாதி சுவருடையது.

நீங்கள் முற்றத்தில் வைக்காதீர்கள்; சத்தம் வானத்துக்குப் போய்விடும். சுண்ணாம்புச் சுவர் உள்ள, மூடிய மாடிப்படி இருந்தால் அதன் அடியில் வையுங்கள். மைக் இரண்டும் 3 முதல் 4 மீட்டர் உயரத்தில். ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரு கயிறு பிடித்து இரண்டு மைக்குக்கும் ஒரே தூரம் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அடிச்சத்தம் மெலிந்து போகும். பதிவான பிறகுதான் தெரிந்தது என்றால் ஒரு தடத்தின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழ் திசை) திருப்பிப் பாருங்கள், ஓரளவு மீளும். கம்ப்ரஸர் 4:1 விகிதத்தில் தொடங்கி, அட்டாக் (அடி விழுந்த பிறகு நசுக்க எடுக்கும் நேரம்) 30 மில்லிசெகண்ட். அதைவிடக் குறைத்தால் குச்சியின் முதல் அடி மழுங்கிவிடும்.

பெரும்பாலும் கெடுப்பது சிம்பல்தான். நசுக்க நசுக்க அது மேலே எழும்பி வரும். தோலை ஓங்கி அடித்து, சிம்பலைத் தடவுவது போல அடிக்கச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை இரவு வேண்டவே வேண்டாம். தவளைச் சத்தத்தை அவ்வளவு எளிதில் பிரித்தெடுக்க முடியாது.

கும்பகோணம்: ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹேக்னி டைமண்ட்ஸ்’ கேட்கலாமா, கிழவர்களின் பிடிவாதமா?

பதில்: கேட்கலாம். 2005-க்குப் பிறகு 2023-ல்தான் சொந்தப் பாட்டுகளோடு முழு ஆல்பம் போட்டார்கள். 2021-ல் மறைந்த அவர்களின் டிரம்மர் சார்லி வாட்ஸ் இரண்டு பாட்டுகளில் வாசித்திருக்கிறார். மற்றவற்றோடு ஒப்பிட்டால், தாளத்துக்குச் சற்றுப் பின்னால் அடிக்கும் அவருடைய அந்த மெல்லிய பின்தங்கல் தெரியும். ஒலிக்கலவை பளபளப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பொறுமை இல்லாவிட்டால் கடைசிப் பாட்டுக்குப் போங்கள்: ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும், ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் பாட்டு. ஆல்பத்தின் உயிர் அதில்தான்.

நாகப்பட்டினம்: புதியவர்களில் யார்? நம் பக்கத்து ஆட்கள் உண்டா?

பதில்: கிரெட்டா வான் ஃபிளீட்டைப் பலர் சொல்வார்கள். கெட்டிக்காரப் பையன்கள்தான், ஆனால் லெட் செப்பல் நிழலிலிருந்து வெளியே வர நேரம் எடுத்துக்கொண்டார்கள். நம் பக்கம் என்றால் கொச்சியின் மதர்ஜேன், ‘மக்தூப்’ (2008). பைஜு தர்மஜனின் கிட்டாரில் கமகம் அசலாக வரும், நாகஸ்வரம் கேட்ட காதுக்கு உடனே பிடிபடும். பெங்களூர் அகம் குழுவில் பாட்டு முன்னால் நிற்கும், ராக் பின்னால்.

மன்னார்குடி: ரீமாஸ்டர் (பழைய பதிவை மறுபடி ஒலி சீர்செய்தது) என்று வாங்கிய ஆல்பம் அரை மணியில் தலைவலி தருகிறது. ஹெட்போன் கோளாறா சார்?

பதில்: ஹெட்போன் மேல் பழி போடாதீர்கள். மெல்லிய இடத்தையும் ஓங்கிய இடத்தையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றியிருப்பார்கள். மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ (2008) இதற்குப் பேர்போனது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் தெளிவாக ஒலித்ததை ரசிகர்கள்தான் கண்டுபிடித்தார்கள். சோதிக்க: ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பழையது, புதியது இரண்டையும் திறங்கள். அலையின் தலை வாய்க்கால் வரப்பு போலத் தட்டையாக இருந்தால் அது நசுக்கியது. காதால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே கேளுங்கள். கொஞ்சம் உரத்தது எப்போதும் நல்லதாகத் தோன்றும். நசுக்கியது என்று உறுதியானால் 80-களில் வந்த பழைய சிடி கிடைக்கிறதா பாருங்கள்.