65 வயதுக்குப் பிறகும் அவர் விமானம் ஓட்ட முடியுமா?

கேள்வி: என் கணவர் நெடுந்தூரச் சர்வதேசத் தடங்களில் பறக்கும் பெரிய விமானங்களின் கேப்டன். இன்னும் எட்டு மாதங்களில் அவருக்கு 65 வயது நிறைகிறது. விமானிகளின் ஓய்வு வயதை 67 ஆக உயர்த்தப் போகிறார்கள் என்ற பேச்சை நம்பிக்கொண்டு, ஓய்வுக்குப் பிந்தைய நாட்களைப் பற்றிப் பேசவே மறுக்கிறார். அதே நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கும் எங்கள் மருமகன், "பெரியவர்கள் இறங்கினால்தானே எங்களுக்குக் கேப்டனின் இடது இருக்கை கிடைக்கும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு என் கணவர் தனியே அமர்ந்து இரத்த அழுத்தத்தை இரண்டு மூன்று முறை அளந்து ஒரு சிறிய நோட்டில் குறிக்கிறார். நான் எழுந்து வந்தால் மூடி வைத்துவிடுகிறார். நல்ல உடல்நிலையில் இருப்பவரை வயதைக் காட்டி இறக்குவது நியாயமா? 67 வரும் என்று நாங்கள் காத்திருக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். வரம்பு என்றைக்கும் உயராது என்பதால் இதைச் சொல்லவில்லை. நாளை உயர்ந்தாலும் அது உங்கள் கணவரின் கைக்கு எட்டும் வேளையில் உயரும் என்று நம்பக் காரணம் இல்லை என்பதால் சொல்கிறேன்.

சர்வதேசப் பயணங்களுக்கான இந்த வரம்பை வகுப்பது ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. 2006 நவம்பர் வரை கேப்டன்களுக்கு அது 60 ஆக இருந்தது. பிறகு, இரண்டு விமானிகள் இயக்கும் விமானங்களில், மற்றவர் 60 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 65 ஆயிற்று; 2014 நவம்பரில் அந்த நிபந்தனையும் நீங்கியது. அமெரிக்காவில் 1960 முதல் நடைமுறையில் இருந்த 60 வயது விதி, 2007 டிசம்பரில்தான் 65 ஆக மாறியது. 2023இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை 67 வயதுக்கு ஒப்புதல் தந்தபோதிலும், 2024 மே மாதம் கையெழுத்தான சட்டத்தில் 65 என்பதே நின்றது. 2025இல் மாண்ட்ரியலில் கூடிய ஐகாவோ பேரவையில், விமான நிறுவனங்களின் அமைப்பான ஐயாட்டா 67 என்ற கோரிக்கையை முன்வைத்தது, வரம்பு மாறவில்லை. இவ்வளவு மெல்ல நகரும் ஒன்றை எட்டு மாதக் கணக்கில் வைத்துப் பார்க்க முடியாது.

உள்நாட்டில் மட்டும் வேறு விதி வைத்திருக்கும் நாடுகள் உண்டு. ஜப்பான் 67 வயது வரை அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவில் உச்ச வயதே இல்லை. ஆனால் எல்லையைத் தாண்டியவுடன் ஐகாவோவின் 65 குறுக்கே வந்து நிற்கும். ஒரு நாடு தன் சட்டத்தை மட்டும் மாற்றினால், உங்கள் கணவரைப் போன்ற நெடுந்தூரக் கேப்டன் உள்நாட்டுத் தடத்தில் ஓடும் சிறிய விமானத்துக்கு இறங்கி வந்து, அதற்கான பயிற்சியை முதலிலிருந்து பெற வேண்டியிருக்கும். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். அமெரிக்கா 2007இல் வரம்பை உயர்த்தியபோது, அதற்கு முன்பே 60ஐக் கடந்து இறங்கிவிட்டவர்களுக்குப் பழைய பணிமூப்பு திரும்பக் கிடைக்கவில்லை. மீண்டும் பறக்க விரும்பியவர்கள் புதிதாகச் சேருபவர்களாகவே சேர வேண்டியிருந்தது.

இனி நியாயத்தைப் பற்றி. 2009 ஜூன் மாதம் பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூவர்க் நோக்கி அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த ஒரு விமானத்தில், 60 வயதான கேப்டன் நடுவானில் இறந்துபோனார். உடனிருந்த விமானிகள் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். வயது வரம்பை உயர்த்தக் கூடாது என்பவர்கள் அந்த மரணத்தைக் காட்டுகிறார்கள். உயர்த்தலாம் என்பவர்கள் அந்தத் தரையிறக்கத்தைக் காட்டுகிறார்கள். இரண்டுமே உண்மைதான். விமானி திடீரென்று செயலிழப்பதற்கு எதிரான பாதுகாப்பு, பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இருப்பதே. அதனால்தான் ஒற்றை விமானியோடு நடக்கும் வணிகப் பயணங்களுக்குச் சர்வதேச வரம்பு இன்னமும் 60 ஆகவே இருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது மாரடைப்பு அல்ல. 60ஐக் கடந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் இதயத்தையும் பார்வையையும் செவியையும் ஓரளவு நன்றாகவே சோதித்துவிட முடியும். கவனத்தின் கூர்மையும், ஒரே நேரத்தில் நான்கு தகவல்களை மனத்தில் ஏந்தும் திறனும், நேர மண்டலங்களைக் கடந்து இரவெல்லாம் விழித்த பின் உடல் மீளும் வேகமும் அப்படிப்பட்டவை அல்ல. அவை ஓசையில்லாமல் குறைகின்றன; ஒருவருக்கு 58இல், இன்னொருவருக்கு 72இல். அதை ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்லும், உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒரு சோதனை இன்று இல்லை. அது இல்லாத இடத்தில்தான் பிறந்த தேதி வந்து உட்கார்ந்திருக்கிறது. அது முரட்டு அளவுகோல். உங்கள் கணவரைப் போன்ற திடமானவருக்கு அது வலிக்கும் என்பதை முழுமையாக உணர்கிறேன். ஆயினும், பின்னால் அமர்ந்திருக்கும் முன்னூறு பேரை எண்ணும்போது அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகுந்த சோதனைகள் வந்த பிறகு வரம்பு உயர்ந்தால் மகிழ்வேன். ஆள் பற்றாக்குறையைக் காட்டி மட்டும் உயர்த்துவதை ஏற்க மாட்டேன்.

உங்கள் மருமகன் சொன்ன விதம் தவறு; சொன்ன விஷயம் தவறில்லை. விமானப் பணியில் எந்த விமானம், எந்தத் தடம், எந்த மாதம் விடுப்பு என்பதையெல்லாம் பெரும்பாலும் பணிமூப்பு எண்ணே தீர்மானிக்கிறது. மேலே ஒருவர் இரண்டு ஆண்டு கூடுதலாக இருந்தால் கீழே உள்ள அத்தனை பேரும் அங்கேயே நிற்பார்கள். அமெரிக்காவில் வரம்பு உயர்ந்த கையோடு 2008இன் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, பல துணை விமானிகள் ஆண்டுக்கணக்கில் வலது இருக்கையிலேயே இருந்தார்கள். உங்கள் கணவரும் ஒரு காலத்தில் அந்த எண்ணை எண்ணிக் காத்திருந்தவர்தானே? அதை அவருக்கு நினைவூட்ட உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை.

இந்த எட்டு மாதங்களில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 65 என்ற வரம்பு பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் வணிகப் பயணத்துக்குத்தான். விமானத்தைப் போலவே இயங்கும் தரைப் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் பயிற்றுவிக்கவும் வகுப்பெடுக்கவும் அது பொருந்தாது. பயிற்றுநர் தகுதிக்குப் பொதுவாக அந்த ரக விமானத்தில் அண்மைக்கால அனுபவம் கேட்பார்கள் என்பதால், பறந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது. சிமுலேட்டரில் பயிற்றுநர் பின்னால் அமர்ந்து ஒரு திரையைத் தொட்டால், ஓடுபாதையை விட்டு எழும் கணத்தில் ஒரு எஞ்சின் தீப்பற்றும்; முன்னே இருக்கும் இளைஞரின் கை அவசரமாக ஏதாவது ஒரு பிடியை நோக்கிப் போகும். அந்தக் கையை ஒரு வார்த்தையில் நிறுத்தி, "முதலில் விமானத்தை நேராகப் பிடி, மற்றதெல்லாம் பிறகு" என்று சொல்ல, அதே நிலைமையைப் பலமுறை சந்தித்த ஒருவர் அங்கே வேண்டும்.

கடைசியாக அந்தச் சிறிய நோட்டு. நீங்கள் எழுதியவற்றில் என்னை மிகவும் தொட்டது அதுதான். பரிசோதனையில் ஒரு எண் தவறினாலும் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் அவர் பல ஆண்டுகளாக வாழ்ந்திருக்கிறார். 67 கிடைத்தாலும் அந்தப் பயம் இன்னும் இரண்டு ஆண்டு நீளும். அளவுகள் கூடுதலாக இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். கட்டுக்குள் வைத்த இரத்த அழுத்தத்தோடு பறக்கும் விமானிகள் ஏராளம். இன்றிரவு அவர் அந்தக் கருவியை எடுக்கும்போது தூங்குவதுபோல் இருக்காமல் எழுந்து போய் அருகில் அமருங்கள். பட்டையை நீங்களே அவர் கையில் சுற்றிவிடுங்கள். எண்ணை இருவரும் சேர்ந்தே பாருங்கள்.