லித்தியம் விலை ஏறினால் பேட்டரி விலையும் ஏறுமா?

கேள்வி: எல்லாரும் மின்சார ஸ்கூட்டருக்கு மாறினால் லித்தியத்துக்குத் தட்டுப்பாடு வந்து, மாற்று பேட்டரியின் விலை எகிறிவிடாதா?
– வாசகர், தக்கலை

பதில்: வண்டிகளின் எண்ணிக்கையை விட, வண்டிக்கு எத்தனை யூனிட் பேட்டரி என்பதைப் பாருங்கள். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். ஒரு யூனிட் பேட்டரிக்குச் சுமார் 100 கிராம் லித்தியம் வேண்டும்; சந்தைச் சரக்கான லித்தியம் கார்பனேட்டாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 3 யூனிட் ஸ்கூட்டருக்கு 1.6 கிலோ கார்பனேட், 40 யூனிட் காருக்கு 21 கிலோ. ஒரு காருக்குப் போகும் சரக்கில் 13 ஸ்கூட்டர் ஓடும். தேவையை ஏற்றுவது பெரிய கார் மோகம்தான்.

2022 நவம்பரில் சீனச் சந்தையில் கார்பனேட் டன் 6 லட்சம் யுவானை நெருங்கியது; கிலோ ஏறக்குறைய 7,000 ரூபாய். அன்று உங்கள் ஸ்கூட்டருக்கான சரக்கு மட்டும் 11,000 ரூபாய். 2024 முடிவில் டன் 1 லட்சம் யுவானுக்குக் கீழே வந்தபோது அதுவே 2,000 ரூபாய்க்குள் அடங்கியது. விலை ஏறியதும் புதுச் சுரங்கங்கள் வந்தன, சரக்கு குவிந்தது, விலை சரிந்தது. சரிந்தால் சுரங்கங்கள் மூடும். மறுபடி திறந்து சரக்கு வரத் தாமதமாகும். இந்த ஏற்ற இறக்கம் தொடரும்.

எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் லித்தியம் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். அதில் இல்லாதவை நிக்கலும் கோபால்ட்டும். லித்தியம் ஏறக்குறைய அதே அளவுதான். லித்தியமே வேண்டாதது சோடியம் பேட்டரி. எடை கூடும் என்பதால் வண்டியை விட, முப்பந்தல் காற்றாலை மின்சாரத்தைச் சேமிப்பது போன்ற நிலையான வேலைக்குப் பொருத்தம். அங்கேயும் லித்தியத்தையே வைத்தால் வண்டிகளோடு போட்டி வரும்.

வாங்கும்போது வாரண்டியைக் கேளுங்கள்: எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாத வாரண்டியால் பெரிய பயனில்லை.

கேள்வி: பழைய பேட்டரியிலிருந்து எடுத்தால் போதாதா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: எடுக்கலாம். அரைத்து, அமிலத்தில் கரைத்து, உலோகங்களைப் பிரிப்பார்கள். நிக்கலும் கோபால்ட்டும் இருந்தால் செலவு கட்டும், எல்.எஃப்.பி.யில் லித்தியம் விலை நன்றாக இருந்தால்தான் கட்டும். இன்று விற்கும் பேட்டரி திரும்பி வர எட்டு, பத்து வருடம் ஆகும் என்பதால் உடனடித் தேவையை இது தீர்க்காது. ஆனாலும் ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) போடாதீர்கள். அடித்துப் பிரித்தால் தீப்பிடிக்கும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

கேள்வி: மணவாளக்குறிச்சி மணலில் லித்தியம் உண்டா?
– வாசகர், குளச்சல்

பதில்: அதற்காக அள்ளப்படும் மணல் அல்ல. அதில் இருப்பவை இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட். மோனசைட்டில் உள்ள நியோடிமியம் மின்வண்டி மோட்டாரின் காந்தத்துக்குப் பயன்படும், பேட்டரிக்கு அல்ல.