பன்னிரண்டு டொலர் சேர்வரும் ஓபன் பிஎஸ்டியும்

கேள்வி: மல்லாவியில் தனியார் கல்வி நிலையம் நடத்துகிறேன். கடந்தகால வினாத்தாள்களை மாணவர்கள் தரவிறக்குவதற்காக, வருடத்துக்கு 12 டொலர் என்ற விளம்பரத்தைப் பார்த்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குத் தரும் மெய்நிகர் சேர்வர்) வாங்கினேன். பாதுகாப்பில் பெயர்பெற்றது என்பதால் ஓபன் பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை நிறுவ விரும்பினேன். ஆனால் உபுண்டு, டெபியன், சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகைகள் மட்டுமே பட்டியலில் இருக்கின்றன. கேட்டதற்கு "முடியாது" என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை ஐயா. ஆனால் நீங்கள் நினைத்த பொருள் உங்களுக்குக் கிடைக்கவில்லை. விபிஎஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்களை விற்கிறார்கள். ஓபன்விஇசட், எல்எக்ஸ்சி என்று விற்கப்படுவதில், பெரிய கணினி ஒன்றில் ஓடும் ஒரே லினக்ஸ் கேர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உங்களுக்கென்று கேர்னல் கிடையாது. ஆகவே லினக்ஸ் அல்லாத எதையும் அங்கே ஏற்ற முடியாது. வாடகை அறைக்குள் கிணறு வெட்ட முடியாது என்பது போலத்தான். கேவிஎம் என்று விற்கப்படுவதிலோ தனி வன்தட்டு, தனி பூட் (தொடக்கம்), தனி கேர்னல் என்று முழுக் கணினி ஒன்றே மென்பொருளால் உருவகிக்கப்பட்டுக் கிடைக்கிறது. ஓபன் பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி என்ற பிஎஸ்டி குடும்ப இயங்குதளங்கள் ஓடுவது இதில்தான்.

எது உங்களிடம் இருக்கிறது என்று அறிய, இப்போதிருக்கும் உபுண்டுவில் சிஸ்டம்டி-டிடெக்ட்-வேர்ட் (systemd-detect-virt) என்ற கட்டளையைக் கொடுங்கள். ஓபன்விஇசட் அல்லது எல்எக்ஸ்சி என்று விடை வந்தால் அதோடு பேச்சு முடிந்தது. கேவிஎம் என்று வந்தால் வழி இருக்கலாம். கீழே வரும் பதிலையும் வாசியுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்பதானால் நிறுவனத்தின் விதிகளில் அதற்கான கால எல்லையைப் பார்த்து உடனே எழுதுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் உள்ளூர்க் கடைக்காரரிடம் முரண்பட்டவருக்கு உதவும். கடல் கடந்த நிறுவனத்திடம் அதன் கை நீள்வது கடினம். வங்கியிடம் காட் கொடுப்பனவை மறுத்து முறையிடலாம். ஆனால் விளம்பரத்தில் ஓபன்விஇசட் என்று ஒரு மூலையில் எழுதியிருந்தால் அந்த வழக்கில் நீங்கள் வெல்வது சந்தேகமே.

உண்மையைச் சொன்னால், வினாத்தாள் பகிர்வதற்கு அந்தச் சேர்வரில் டெபியனே போதும். சென்ட்ஓஎஸ் பக்கம் மட்டும் போகவேண்டாம். மலிவு நிறுவனங்கள் இன்னும் வைத்திருக்கும் சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது.

கேள்வி: அண்ணா, நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். ஃப்ரீபிஎஸ்டி பழகுவதற்குச் சேர்வர் ஒன்று வேண்டும். நிறுவனத்தின் பட்டியலில் ஃப்ரீபிஎஸ்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதுமா?

பதில்: போதாது தம்பி. பட்டியல் அவர்களுடையது, நினைத்த நேரத்தில் மாற்றுவார்கள். டிஜிட்டல் ஓஷன் பல வருடங்கள் ஃப்ரீபிஎஸ்டியைத் தயாராக வைத்திருந்தது; 2022இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பட்டியலில் இல்லாததையும் நாமே நிறுவ முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

நான் முதலில் பார்ப்பது கொன்சோலை. வலையமைப்பு முற்றாகச் செத்துப்போனாலும் சேர்வரின் திரையையும் விசைப்பலகையையும் பிரவுசருக்குள் தருவது அது. லினக்ஸில் ஈத்0 என்றோ ஈஎன்எஸ்3 என்றோ இருக்கும் வலையமைப்பு அட்டை ஃப்ரீபிஎஸ்டியில் விடிநெட்0 ஆகிவிடும், ஓபன் பிஎஸ்டியில் விஐஓ0 ஆகிவிடும். வன்தட்டின் பெயரும் மாறும். ஒரு பெயரைப் பிழையாக எழுதினால் எஸ்எஸ்எச் என்ற தொலைவழி இணைப்பால் இனி உள்ளே போக முடியாது. கொன்சோல் இல்லாத சேர்வர் எவ்வளவு மலிவானாலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

அடுத்தது, உங்கள் சொந்த ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டின் கோப்பை) பூட் செய்ய விடுகிறார்களா என்பது. வல்டர் போன்றவர்கள் ஐஎஸ்ஓவின் இணைய முகவரியைக் கொடுத்தால் தாங்களே இறக்கிக்கொள்கிறார்கள். இது எங்களுக்குப் பெரிய நன்மை: உங்கள் கைப்பேசி டேட்டாவில் ஒரு ஐஎஸ்ஓவை இறக்கி, திருப்பி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹெட்ஸ்னர் பிஎஸ்டி ஐஎஸ்ஓக்களைத் தானே வைத்திருக்கிறது. மீட்பு முறை ஒன்றையும் தருகிறது. மீட்பு முறை நினைவகத்தில் ஓடும் சிறிய லினக்ஸ் என்பதால், அதற்குள் இருந்தபடி ஃப்ரீபிஎஸ்டி திட்டம் வெளியிடும் ஆயத்த வட்டுப் பிம்பத்தை டிடி கட்டளையால் வன்தட்டில் எழுதி மறுபடி பூட் செய்யலாம். இரண்டு நிறுவனத்துக்கும் சிங்கப்பூரில் இடம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளவை சில வேளை இன்னும் மலிவு. ஆனால் தட்டச்சுச் செய்யும் எழுத்து திரையில் தோன்றத் தாமதிப்பது சில நாட்களில் எரிச்சலூட்டும். (இந்த நிறுவனங்கள் எனக்குத் தேநீர்கூட வாங்கித் தந்ததில்லை.)

பலரைக் கவிழ்க்கும் ஒரு விடயம்: சில நிறுவனங்கள் ஒற்றை ஐபி முகவரியைத் தந்துவிட்டு, கேட்வேயை (வெளி இணையத்துக்குப் போகும் வாசலை) அதோடு சம்பந்தமில்லாத முகவரித் தொகுதியில் வைத்திருக்கும். அவர்களுடைய லினக்ஸ் பிம்பம் அதைத் தானாகச் சமாளிக்கும். நீங்கள் கையால் நிறுவும்போது முதலில் கேட்வேக்கு ஒரு வழியை எழுதி, அதன் பிறகு பொது வழியை எழுதவேண்டும். இதற்காகவே, ஆயத்த லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஐபி, கேட்வே, வழி அட்டவணை எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துவைத்துவிட்டு அழியுங்கள். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள "கடவுச்சொல்லை மாற்று" என்ற பொத்தானையும் நம்பவேண்டாம். பெரும்பாலும் அது லினக்ஸுக்குள் வைத்த துணை மென்பொருளோடுதான் பேசும்.

காசு கட்டும் முன், உங்கள் மடிக்கணினியில் வேர்ச்சுவல்பாக்ஸ், கியூஇஎம்யு போன்ற மெய்நிகர்க் கணினி மென்பொருள் ஒன்றில் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். பழகுவது மட்டுமே நோக்கமென்றால் சேர்வரே தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: 512 எம்பி நினைவகமும் 10 ஜிபி வன்தட்டும் ஓபன் பிஎஸ்டிக்குப் போதுமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: சிறிய இணையத்தளத்துக்குப் போதும். இடறுவது வன்தட்டில்தான். நிறுவும்போது தானாக வரும் பிரிப்பு முறை வன்தட்டைப் பல துண்டுகளாக வெட்டிவிடும். ஓபன் பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு விடுகிறது. கடைசி இரண்டு பதிப்புகளுக்கே திருத்தங்கள் வரும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது ஏற்றியே ஆகவேண்டும். சிஸ்அப்கிரேட் கட்டளை புதிய கோப்புகளை ஹோம் பிரிவில் இறக்கும், பிறகு யுஎஸ்ஆர் பிரிவை நிரப்பும். இரண்டிலும் இடம் விட்டு நீங்களே பிரியுங்கள். ஃப்ரீபிஎஸ்டியானால் 512 எம்பியில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு ஆசை வேண்டாம், யுஎஃப்எஸ் போதும். மென்பொருட்களைப் பெட்டிகளாகக் கட்டி ஓட்டும் டொக்கர் வேண்டுமென்றால் லினக்ஸுக்கே போங்கள். இடம் சிறிதென்றால் அல்பைன் என்ற சிறிய லினக்ஸ் நல்லது. நிறுவும் தலைவலியே வேண்டாம் என்பவருக்கு ஓபன் பிஎஸ்டி ஆம்ஸ்டர்டாம் என்ற சிறிய நிறுவனம் இருக்கிறது. அது ஓபன் பிஎஸ்டியின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான விஎம்எம் மீது ஓபன் பிஎஸ்டி சேர்வர்களையே கொடுக்கிறது. தூரம்தான் குறை.

கேள்வி: வவுனியாவில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒன்றாகக் கட்டினால் பாதி விலை என்கிறார்கள். கடையின் மின்னஞ்சலையும் அதிலேயே நடத்தலாமா?

பதில்: முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். நீங்கள் விரும்பும் இயங்குதளம் பூட் ஆகி, ஒரு மறுதொடக்கத்தையும் தாண்டிய பிறகு ஒரு வருடத்துக்குக் கட்டலாம். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியபோது முன்கூட்டிக் கட்டியவர்கள் தப்பினார்கள் என்பது உண்மைதான். ஆனால் மலிவு நிறுவனங்கள் பல மூன்று வருடம் தாங்குவதில்லை. புதுப்பிக்கும் விலை முதல் விலையேதானா என்றும் பாருங்கள். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவையுங்கள். பேபால் வழியாக இலங்கையிலிருந்து பணம் கட்டலாம். காட் இலக்கத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுப்பதைவிட அது நல்லது.

மிக மலிவானவற்றில் ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி மட்டுமே தருவார்கள். உங்கள் கடை இணைப்பில் அது இல்லாவிட்டால் சொந்தச் சேர்வரையே நீங்கள் எட்ட முடியாது. மின்னஞ்சலைத் தனிச் சேவையிடம் விடுங்கள். பல நிறுவனங்கள் மின்னஞ்சல் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை மூடியே தருகின்றன. திறந்து தந்தாலும் அயலில் குப்பை அஞ்சல் அனுப்பியவரின் கெட்ட பெயர் உங்கள் ஐபியிலும் ஒட்டியிருக்கும்.

கேள்வி: முல்லைத்தீவில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் கணக்கை இணையத்தில் வைக்க நினைக்கிறோம். செயலாளரின் மருமகன் நெட்பிஎஸ்டியில் இலவசமாகச் செய்து தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: நெட்பிஎஸ்டி 1993இலிருந்து இருக்கிறது, அதை நம்பலாம். மருமகன் அடுத்த வருடம் முல்லைத்தீவில் இருப்பாரா, கனடாவில் இருப்பாரா? அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டெபியன் தெரிந்தவரை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தேடிப் பிடிக்கலாம். நெட்பிஎஸ்டி தெரிந்தவரை எங்கே தேடுவீர்கள்?

அவர் செய்யும் ஒவ்வொரு படியையும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு வேறொரு பிள்ளை அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, புதிய சேர்வர் ஒன்றில் காப்புப் பிரதியிலிருந்து கணக்கை மீட்டுக் காட்டட்டும். ஒரு மாதச் சேர்வருக்கு ஆகும் சில டொலர்தான் செலவு. அது முடிந்தால் நெட்பிஎஸ்டிக்கு என் ஆட்சேபம் இல்லை. முடியாவிட்டால் டெபியனில் வையுங்கள்.

எதில் வைத்தாலும், நிறுவனத்தில் திறக்கும் கணக்கு சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கவேண்டும், மருமகனுடையதில் அல்ல. கட்டணம் முடியப்போகிறது என்ற அறிவித்தல் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.