திகதியைக் கேட்டு வாங்குங்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளவுட் பற்றியவை, அதாவது இணையத்தின் வழியாக இன்னொருவருடைய கணினியை (சேர்வரை) வாடகைக்குப் பாவிப்பது பற்றியவை. மிக்சியும் பிரிட்ஜும் அடுத்த வாரம்.

கேள்வி: ஆமர் வீதியில் பாமசி நடத்துகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் பில் போடும் மென்பொருளுக்கு 275,000 ரூபாய் கட்டினேன். "புத்தம் புது கிளவுட் சேர்வர்" என்றார் ஏஜென்ட். மருமகன் பார்த்துவிட்டு, இது சென்ட்ஓஎஸ் 7, எப்போதோ கைவிட்ட சாமான் என்கிறான். மாற்றித் தர ஏஜென்ட் இன்னும் 120,000 கேட்கிறார். கட்டவா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா, ஒரு சதம்கூட. மருமகன் சொன்னது சரி. சேர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளான சென்ட்ஓஎஸ் 7 இன் ஆயுள் 2024 ஜூன் 30 உடன் முடிந்தது. அதற்குப் பிறகு அதில் என்ன ஓட்டை கண்டுபிடித்தாலும், அதை அடைக்க அந்தத் திட்டத்திலிருந்து திருத்தம் வராது. உங்களிடம் விற்ற அன்றைக்கே அது காலாவதி. திகதி முடிந்த மருந்துக்குப் புது லேபல் ஒட்டி விற்றால் என்ன குற்றம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விலை மதிப்பீட்டுக் கடிதம், பற்றுச்சீட்டு, "புத்தம் புது" என்று அவர் வட்ஸ்அப்பில் எழுதியது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சேர்வரின் பதிப்பு தெரியும் திரையை மருமகன் படம் எடுக்கட்டும். பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 க்கு அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடை செய்கிறது. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம். இந்த வாரமே போங்கள்.

இதில் எனக்கு வயிறு எரிவது ஒரு விடயத்துக்குத்தான். இந்தத் திகதிகள் இரகசியமானவை அல்ல. எந்தப் பதிப்பு எந்த நாள் வரை என்று செய்பவர்களே பகிரங்கமாக எழுதி வைக்கிறார்கள், பெரும்பாலும் வருடக்கணக்கில் முன்கூட்டியே. ஏஜென்ட்மாருக்கு அது தெரியும். பாண் பக்கெட்டிலும் பால்மாப் பக்கெட்டிலும் திகதி பார்த்து வாங்குகிற நாங்கள், இலட்சக்கணக்கில் கொடுக்கும் சாமானுக்கு அதைக் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை.

நானும் கேட்காமல் வாங்கியவன்தான். 2019 இல் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் நான்கு கமெரா வாங்கினேன், "வாழ்நாள் கிளவுட் சேமிப்பு இலவசம்" என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. மூன்று வருடம் ஓடியது. ஒரு நாள் காலையில் போனைத் திறந்தால் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கேற்றில் கமெராவின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அவர்கள் சேர்வரை மூடிவிட்டார்கள். கமெராவுக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. இப்போது எந்தக் கமெரா வாங்கினாலும் மெமரி கார்ட் போடலாமா, இணையம் இல்லாமல் வீட்டு ரெக்கோடரில் பதியுமா என்று கேட்காமல் காசை எடுப்பதில்லை.

எனவே எல்லோருக்கும் சொல்கிறேன். விலை மதிப்பீட்டில் மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தத் திகதி வரை. கிளவுட் கணக்கு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். ஏஜென்டின் மின்னஞ்சலில் இருந்தால் எச்சரிக்கைகள் எல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் நாளைக்குக் கனடா போய்விட்டால் உங்கள் கடைச் சாவியும் கூடவே போய்விடும்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் ஆறாம் தலைமுறை ஐ5 மடிக்கணினி, விண்டோஸ் 10 உடன் மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, ஆறாம் தலைமுறை சிப் விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலில் இல்லை.

கேள்வி: இரண்டாம் குறுக்குத்தெருவில் புடவைக்கடை. எங்கள் கணக்குகள் அமேசன் கிளவுட்டில் இருக்கின்றன. மாதக் கட்டணம் திடீரென்று ஏறிவிட்டது. டொலர் ஏறிவிட்டது என்கிறார் மென்பொருள் போட்டவர்.

பதில்: டொலர் மட்டும் காரணமாக இருக்காது. பில்லை வரி வரியாகப் பாருங்கள், "நீட்டிக்கப்பட்ட ஆதரவு" என்ற பொருளில் தனியாக ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கணக்குகள் அநேகமாக மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.7 ஆம் பதிப்பில் இருக்கின்றன. அந்தப் பதிப்பை அதன் உரிமையாளர்களே 2023 ஒக்டோபரில் கைவிட்டார்கள். அதை மாற்றாமல் வைத்திருப்பவர்களிடம் அமேசன் 2024 மார்ச் 1 முதல் மேலதிகக் கட்டணம் வாங்குகிறது. அமெரிக்கக் கிழக்கு வலயத்தின் விலைப்படி முதல் இரண்டு ஆண்டுக்கும் ஒரு மெய்நிகர் சிபியுவுக்கு (வாடகைக் கணினித் திறனின் ஓர் அலகு) மணிக்கு 10 அமெரிக்கச் சதம், இரண்டு இருந்தால் மாதம் சுமார் 146 டொலர். மூன்றாம் ஆண்டில், அதாவது 2026 மார்ச் 1 முதல், அது இரட்டிப்பு.

8.4 க்கு மாற்றச் சொல்லுங்கள். 5.7 இலிருந்து நேரே தாவ முடியாது, 8.0 வழியாகத்தான் போக வேண்டும். 8.0 இலேயே நின்றுவிட வேண்டாம், அதன் ஆயுளும் 2026 ஏப்ரல் வரைதான். முதலில் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மாற்றிப் பார்த்து, ஒரு நாள் பில் போட்டுப் பாருங்கள். தீபாவளி வியாபாரத்துக்கு முதல் வாரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கேள்வி: எங்கள் சிறு மென்பொருள் நிறுவனம் அமேசனில் குபெர்னெட்டிஸ் (பல சேர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) நடத்துகிறது. பதிப்பை மாற்றுங்கள் என்று மாதக்கணக்காக மின்னஞ்சல் வந்தது, விளம்பரம் என்று அழித்துவிட்டோம். இப்போது கட்டணம் ஆறு மடங்கு. யாரிடம் முறையிடுவது?

பதில்: யாரிடமும் முடியாது. ஒரு பதிப்புக்கு 14 மாதம் சாதாரண விலை, கிளஸ்டர் எனும் ஒரு சேர்வர் தொகுதிக்கு மணிக்கு 10 சதம். அடுத்த 12 மாதம் 60 சதம். மாதம் 73 டொலர் 438 ஆகிறது. இதைச் சொல்லத்தான் அத்தனை மின்னஞ்சலும் வந்தன. மென்பொருள் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் நீங்கள் அதைப் படிக்காமல் அழித்தால், பாமசி அம்மாவுக்குச் சொன்ன ஆறுதலை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கே பதிப்பை உயர்த்தத் தொடங்குங்கள்.

கேள்வி: பேஸ்புக்கில் 5,000 ரூபாய்க்கு வாழ்நாள் முழுவதும் 2 டெராபைட் கிளவுட் இடம் விற்கிறார்கள். வெள்ளவத்தையில் என் நண்பர்கள் மூவர் வாங்கிவிட்டார்கள்.

பதில்: நீங்கள் வாங்காதீர்கள். இப்படி விற்பது அநேகமாக ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தின் கணக்கில் திறந்த இடம். அந்த நிறுவனம் கணக்கைத் துப்புரவாக்கும் நாளில் உங்கள் படங்களும் போய்விடும். கூகுளே போட்டோஸில் கொடுத்த வரம்பில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1 இல் நிறுத்தியது. நண்பர்கள் மூவரும் இன்றிரவே தங்கள் படங்களை ஒரு ஹாட் டிஸ்கில் பிரதி எடுக்கட்டும்.