ஹெபடைடிஸ் சி: மூன்று மாத மாத்திரையை நம்பலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோடு பார்த்து அதை உறுதியும் செய்துவிட்டார்கள். 1994-ல் விபத்தில் அடிபட்டபோது அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். வேறு காரணம் எதுவும் தெரியவில்லை. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் என்கிறார் டாக்டர். ஆனால் எங்கள் உறவினர் ஒருவர் 2009-ல் இதே நோய்க்கு ஒரு வருடம் ஊசி போட்டுக்கொண்டு துரும்பாக இளைத்துப்போனார், நோயும் போகவில்லை. மாமியாரோ கீழாநெல்லியே போதும் என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் டாக்டர் சொல்வதை நம்பலாம். இந்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடும் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல், கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் உடம்பை விட்டே போய்விடுகிறது. ஹெபடைடிஸ் பி-க்கும் எச்.ஐ.வி-க்கும் கூட நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் அவை வைரஸை அடக்கித்தான் வைக்கும், ஏனென்றால் அந்த வைரஸ்கள் நம் செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்கின்றன. ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு அப்படி ஒளிய இடமில்லை. புதுப் பிரதிகள் உருவாவதைச் சில வாரங்கள் தடுத்தால் போதும், அதன் வம்சமே அற்றுப்போகும்.

உங்கள் உறவினர் போட்டுக்கொண்டது இன்டர்ஃபெரான் ஊசியாக இருக்கும். அது வைரஸை நேராகத் தாக்கும் மருந்து அல்ல, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுவது. காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு எல்லாம் அதனால் வருபவை; கூடவே கொடுக்கும் ரிபாவிரின் ரத்தசோகையைக் கொண்டுவரும். இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. இத்தனை பட்டும், முதல் வகை வைரஸ் என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் குணமாகும். இப்போதைய மாத்திரைகளில் பெரும்பாலானவர்களுக்கு லேசான தலைவலி, களைப்பு, அவ்வளவுதான். ஊசி பலிக்காதவர்களுக்கும் இவை நன்றாக வேலை செய்கின்றன. உறவினருக்கு இன்னும் வைரஸ் இருந்தால் அவரையும் கையோடு அழைத்துப் போங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான சோஃபோஸ்புவிர் 2013 கடைசியில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். அடுத்த ஆண்டே இந்தியக் கம்பெனிகளுக்குத் தயாரிப்பு உரிமம் கிடைத்து, இங்கே விலை பெரிதும் இறங்கிவிட்டது. விலை குறைவு என்பதால் மருந்தை மட்டமாக நினைக்க வேண்டாம், மருந்து அதேதான். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனை, மாத்திரை இரண்டுமே இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

சரி, நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வைரஸ் போவது வேறு, கல்லீரல் தேறுவது வேறு. 1994-ல் தானமாக வந்த ரத்தத்தில் இந்த வைரஸைத் தேட வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. அப்போதுதான் தொற்றியது என்றால் முப்பது வருடமாக அது சத்தமில்லாமல் கல்லீரலில் தழும்பு போட்டுக்கொண்டிருக்கிறது. பலருக்கு அந்தத் தழும்பு சிரோசிஸ் வரை, அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போகும் நிலை வரை போய்விடும், வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. ஆகவே "எப்போது ஆரம்பிக்கலாம்" என்று கேட்பதற்கு முன் "சிரோசிஸ் இருக்கிறதா" என்று டாக்டரிடம் கேளுங்கள். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், வயிற்று அல்ட்ராசவுண்ட், பிளேட்லெட் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துச் சொல்லிவிடுவார்.

மருந்தைத் தேர்வு செய்வதும் அதை வைத்துத்தான். சிரோசிஸ் இல்லையென்றால் சோஃபோஸ்புவிரும் டக்ளாடாஸ்விரும் பன்னிரண்டு வாரம். சிரோசிஸ் இருந்து, கல்லீரல் இன்னும் சமாளித்துக்கொண்டிருந்தால் டக்ளாடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர். மூன்றாம் வகை வைரஸும் சிரோசிஸும் சேர்ந்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ரிபாவிரின் சேர்க்க வேண்டி வரலாம். வயிற்றில் நீர் கோத்தது, ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை, புத்தி தடுமாற்றம் என்ற நிலைக்குப் போயிருந்தால் வெற்றி விகிதம் குறையும். அப்படிப்பட்டவர்களுக்குக் கல்லீரல் மாற்று வசதியுள்ள இடத்தில்தான் சிகிச்சை தொடங்க வேண்டும்.

சிரோசிஸ் வருவதற்கு முன்பே வைரஸ் போய்விட்டால் தழும்பும் வருடப்போக்கில் ஓரளவு கரையும். சிரோசிஸ் வந்துவிட்டவருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறதே தவிர, அடியோடு மறைவதில்லை. அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "குணமாகிவிட்டது" என்ற சந்தோஷத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் அவசியம். சி வைரஸ் போகும் வேகத்தில் அடங்கிக் கிடந்த பி வைரஸ் கிளம்பலாம். அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசெபின் இவற்றோடு இந்த மாத்திரைகள் ஒத்துப்போகாது. நம் ஊரில் பலர் காபி மாதிரி தினமும் காலையில் விழுங்கும் பான்டோபிரசோல் வகை அசிடிட்டி மாத்திரை, வெல்படாஸ்விர் உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் சிகிச்சையின்போது சர்க்கரை இறங்கலாம், கவனியுங்கள்.

கீழாநெல்லி விஷயத்தில் மாமியாரோடு சண்டை வேண்டாம். ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகும். சி வைரஸை அது ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இந்த மூன்று மாதம் எந்தக் கஷாயமும் வேண்டாம், மதுவை ஒரேயடியாக விட்டுவிட வேண்டும், மாத்திரை ஒரு நாளும் தவறக்கூடாது.

மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து எடுக்கும் வைரல் லோடில் வைரஸ் இல்லையென்றால்தான் குணம் என்று அர்த்தம். முதலில் செய்த ஆன்டிபாடி பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை, அதை எதிர்த்து உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது; அதனால் அது அதற்குப் பிறகும் பாசிட்டிவாகவே வரும், பயப்படாதீர்கள். அந்த வைரல் லோடு ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேட்பார்கள். ஒருமுறை குணமானதால் பாதுகாப்பு வந்துவிடாது. மறுபடி தொற்றலாம், தடுப்பூசியும் இல்லை.

நீங்களும் பிள்ளைகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து சாப்பிடுவதாலோ தொடுவதாலோ இது பரவாது. ரேசர், நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். குடலிறக்கம் வலியில்லாமல், உள்ளே தள்ளினால் போகிற நிலையில் இருந்தால், கல்லீரல் ரிப்போர்ட் வந்த பிறகு ஆபரேஷன் தேதி குறிக்கச் சொல்லுங்கள்.