பேனா ஏன் அலுவலகத்தில் மட்டும் சொட்டுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா பணி ஓய்வு வரை வைத்திருந்த மைப்பேனா பீரோவைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது. தடித்த கருப்பு உடல். உள்ளே ட்யூப், பம்ப் எதுவும் இல்லை. கழுத்தைத் திருகிக் கழற்றி ஃபில்லரால் மை ஊற்றும் வகை. கழுவி ஊற்றினேன். வீட்டில் அருமையாக எழுதுகிறது. அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், மை ஊற்றி நாலைந்து நாள் ஆனபிறகு, பாதிப் பக்கம் எழுதுவதற்குள் பொட்டென்று ஒரு சொட்டு விழுகிறது. கழுத்துத் திருகிலும் மை கசிந்து விரலெல்லாம் நீலம். நிப்பை மாற்றிவிடலாமா? கெட்டியான இந்தியன் இங்க் ஊற்றினால் சொட்டாது என்கிறார் நண்பர். பத்து ரூபாய் பேனா இருக்க எதற்கு இந்தப் பாடு என்கிறார்கள் வீட்டில்.

க.

அன்புள்ள க.,

நிப்பை மாற்றாதீர்கள். வீட்டில் அருமையாக எழுதுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். கெட்டுப்போன நிப் இடம் பார்த்துச் சொட்டாது. உங்கள் அலுவலகத்தில் ஏசி உண்டு என்று நினைக்கிறேன். கோளாறு அங்கேதான், அதுவும் பேனாவில் இல்லை, பேனாவுக்குள் இருக்கும் காற்றில்.

கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே வரும். மைப்பேனாவும் அப்படித்தான். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் மெல்லிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. அதன் வழியே மை இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று ஏறுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்திய கட்டைக்குத்தான் 1884இல் அமெரிக்காவில் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கினார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் பேனா மூன்று மில்லி மை கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து நாளில் இரண்டரை மில்லி தீர்ந்து, அந்த இடம் முழுக்கக் காற்று. ஏசியில் 24 டிகிரியில் மேசைமேல் கிடந்த பேனாவைக் கையில் எடுக்கிறீர்கள். எழுத எழுத உள்ளங்கைச் சூட்டில் அது எட்டு டிகிரி ஏறினால், காற்று ஏறத்தாழ 2.7 சதவீதம் விரியும். அதாவது 0.07 மில்லி. ஒரு சொட்டு என்பது 0.05 மில்லிதான். விரிந்த காற்று தன் முன்னால் நிற்கும் மையைத் தள்ளிவிடுகிறது, கட்டை தாங்காமல் சொட்டு விழுகிறது. பாதிப் பக்கம் வரை விழாததற்கும் காரணம் உண்டு: அந்தக் காலத்துக் கருப்புப் பேனாக்கள் பெரும்பாலும் எபோனைட், கந்தகம் சேர்த்துக் காய்ச்சிய ரப்பர். சூடு அதில் மெதுவாகத்தான் இறங்கும். வீட்டில் மின்விசிறிக்கு அடியில் அறையே 32 டிகிரி என்றால், கைக்கும் அறைக்கும் பெரிய வித்தியாசமில்லை, சொட்டவும் இல்லை.

ஆகவே, பாதி தீர்ந்ததும் மறுபடி மை ஊற்றி நிரப்பிவிடுங்கள். அலுவலகத்தில் எழுதும் முன் மூடியைக் கழற்றாமல், நிப் மேலே பார்க்கும்படி பேனாவை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்திப் பிடியுங்கள். விரியும் காற்று மையைத் தள்ளாமல் கட்டை வழியே வெளியேறிவிடும். சட்டைப்பையிலும் நிப் மேலேதான் இருக்க வேண்டும்.

கழுத்துக் கசிவு தனி விஷயம். திருகுப்புரியில் தேய்மானம் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் வெறும் பூச்சு போதும். சிலிக்கோன் கிரீஸ் கடுகளவு எடுத்துப் புரியைச் சுற்றித் தடவி, திருகி, வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். கடுகுக்கு மேல் போகக் கூடாது. கிரீஸ் கட்டைக்குள் போனால் மை அதில் ஒட்டாமல் இறங்க மறுக்கும். வாசலின் வேண்டாம், பெட்ரோலியப் பொருள் ரப்பரைக் கெடுக்கும். புரியில் நூல் சுற்றும் பழக்கமும் வேண்டாம், நூலே மையை உறிஞ்சி வெளியே கொண்டுவரும்.

நண்பரின் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். இந்தியன் இங்க் என்று விற்கும் வரைபட மையில் கரித்தூளும் பெரும்பாலும் அரக்கும் இருக்கும். காய்ந்தால் தண்ணீரில் கரையாது. கட்டையின் வாய்க்கால் ஒரே வாரத்தில் அடைந்து, பேனாவே போய்விடும். மைப்பேனாவுக்கென்று விற்கும் சாதாரண நீல மை போதும். பழைய பாணி புளூ பிளாக் என்றால் ஒரு எச்சரிக்கை: அதில் இரும்பு உப்பு உண்டு. நம்மூரில் கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துக் கருப்பு உண்டாக்கிய அதே வேதியியல். எழுதும்போது வெளிறி, காற்றுப்பட்டுக் கறுக்கும், அழியாது. ஆனால் அது அமிலம். பேனாவுக்குள் காயவிட்டால் ஸ்டீல் நிப்பை அரிக்கும்.

கழுவியதாகச் சொல்கிறீர்கள், எப்படி என்று எழுதவில்லை. வெந்நீர் கூடாது. எபோனைட்டை நாள்கணக்கில் ஊறவைத்தாலும், வெயிலில் வைத்தாலும் கருப்பு போய்ப் பச்சையும் பழுப்புமாகிவிடும். கழுத்துப் பகுதியை மட்டும் அறை வெப்பத்தில் உள்ள நீரில் ஓர் இரவு வையுங்கள். பிறகு நிப்பையும் கட்டையையும் சேர்த்து, பழைய சைக்கிள் ட்யூப் துண்டால் பிடித்து நேராக இழுங்கள். திருகக் கூடாது. வராவிட்டால் இன்னோர் இரவு. பலவந்தம் செய்தால் நிப் வளையும். வந்ததும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் துலக்கி, வாய்க்காலுக்கு ஒரு நைலான் இழை. திரும்பச் செருகும்போது நிப்பின் பிளவு கட்டையின் நடுவாய்க்காலுக்கு நேராக வரவேண்டும். பிளவுக்குள் பிளேடு விடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பிளவு அகன்று மை கொட்ட ஆரம்பிப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் கேட்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பால்பாயின்ட் பேனாவின் குண்டு உருள வேண்டுமென்றால் காகிதத்தை அழுத்தியாக வேண்டும். மைப்பேனாவை அழுத்தவே தேவையில்லை, காகிதத்தில் பட்டாலே மை வரும். நீளமாகக் கையால் எழுதுகிறவருக்கு மணிக்கட்டில் தெரியும் வித்தியாசம் இது. பேனாவை இரவல் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அழுத்திப் பழகிய கை இரண்டே வரியில் நிப்பின் இரு கால்களையும் விரித்துவிடும். இன்னொன்று, இந்தப் பேனாக்கள் பல கையால் கடைசல் பிடித்தவை. ராஜமுந்திரியில் ரத்னம் செய்த பேனாவை ஏற்று காந்தி 1935இல் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் இன்றும் எபோனைட் கம்பியிலிருந்து பேனா கடைகிறார்கள். எந்தப் பாகம் போனாலும் செய்து தர ஆள் இருக்கும் பொருளை ஏன் குப்பையில் போட வேண்டும்?

கிரீஸ் தடவியபின் மைக்குப் பதில் முதலில் வெறும் தண்ணீரை முழுக்க ஊற்றுங்கள். உலர்ந்த டிஷ்யூ தாளை உடல் முழுக்கச் சுற்றி, நிப் சற்றே மேலே இருக்கும்படி சாய்த்து ஓர் இரவு வையுங்கள். காலையில் கழுத்துப் பக்கம் நனைந்திருந்தால் இன்னொரு முறை கிரீஸ். அடிப்பக்கம் நனைந்திருந்தால் உடலில் மயிரிழை விரிசல் இருக்கிறது. மை ஊற்றாமல், அந்த இடத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.