மருத்துவர் பதில்கள்: முதல் ஸ்கேனும் அந்த அறையின் மௌனமும்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறேன். வயது 27. சென்ற ஆண்டு முதன்முறை கருவுற்றபோது எட்டாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு என்னை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டு, வெளியே உட்கார்ந்திருந்த என் மாமியாரிடம்தான் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று சொன்னார். இப்போது மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது; கணக்குப்படி ஏழாவது வாரம். அடுத்த வாரம் குன்னூரில் ஸ்கேன். அந்த அறையை நினைத்தாலே கை நடுங்குகிறது. பன்னிரண்டாம் வாரம் வரை தள்ளிப்போடலாமா என்று தோன்றுகிறது. அங்கே என்ன செய்வார்கள்? வளைந்து வளைந்து போகும் பேருந்துப் பயணம் கருவைப் பாதிக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் வயிற்றில் இருந்த கருவைப் பற்றிய செய்தியை உங்களிடம் சொல்லாமல் வேறொருவரிடம் முதலில் சொன்னது தவறு. அதை அனுபவித்த ஒருவருக்கு மறுபடியும் அதே மாதிரிக் கட்டிலில் போய்ப் படுக்கக் கை நடுங்கத்தான் செய்யும். அதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்.

அந்த மௌனத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் அச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஏழு வாரக் கரு தலை முதல் பிட்டம் வரை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். எட்டு வாரத்தில் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். இந்தப் பருவத்தில் கரு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளர்வதால், அளக்கும் கோடு இம்மியளவு பிசகினாலும் கருவின் வயது ஓரிரு நாள் மாறிப்போகும். ஆகவே அளப்பவர் ஒரே அளவை இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்ப்பார். கரு கருப்பைக்குள் சரியான இடத்தில் தங்கியிருக்கிறதா, கரு ஒன்றா இரண்டா, சூலகங்களில் நீர்க்கட்டி ஏதும் உண்டா என்பதையெல்லாம் அதே மூச்சில் கவனிப்பார். முற்றிலும் நலமாக உள்ள கருவைப் பார்க்கும்போதும் நான் மூன்று நான்கு நிமிடம் வாய் திறப்பதில்லை என்பதை, ஒரு பெண் என் முழங்கையைப் பற்றிக்கொண்டு, "ஏதாவது சொல்லுங்களேன் டாக்டர்" என்று கேட்ட நாளில்தான் நானே உணர்ந்தேன். அன்றிலிருந்து, "இப்போது அளக்கப் போகிறேன், சற்று நேரம் பேசமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

உங்களுக்கு ஸ்கேன் எடுப்பவர் அப்படிச் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலில் படுப்பதற்கு முன்பே, "போன முறை எட்டாவது வாரத்தில் துடிப்பு இல்லை என்றார்கள், டாக்டர். துடிப்பு தெரிந்தவுடன் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள், எதுவானாலும் என்னிடமே சொல்லுங்கள்" என்று சொன்னால் போதும். கணவரை உடன் இருக்க அனுமதிக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஸ்கேன் மருத்துவர்கள் குறைவாகப் பேசுவதற்குச் சட்டம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தைச் சொல்வதைத்தான் தடை செய்கிறது. கருவின் நலத்தைத் தாயிடம் சொல்வதை அது எவ்விதத்திலும் தடுக்கவில்லை. அந்தச் சட்டத்தின்படி 'எஃப்' படிவம் ஒன்றில் உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். அது எல்லாக் கர்ப்பிணிகளிடமும் வாங்குவது. உங்கள் கருவில் ஏதோ சிக்கல் இருப்பதாக அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் ஆதார் நகலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து, எப்போது என்ன தெரியும் என்பது. வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது; கரு உருவானது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான். மாதவிலக்கு 35 நாளுக்கு ஒருமுறை வருபவர்களுக்குக் கரு உருவாவதும் ஒரு வாரம் பிந்துவதால், காலண்டர் ஏழு வாரம் என்று காட்டும் நாளில் உள்ளே இருப்பது ஆறு வாரக் கருவாக இருக்கும். ஐந்தாவது வாரத்தில் கருவைச் சுற்றிய நீர்ப்பை மட்டும் சிறு கறுப்பு வட்டமாகத் தெரியும். ஐந்தரை வார அளவில் அதற்குள் யோக் சாக் எனப்படும், கருவுக்கு முதல் ஊட்டம் தரும் சிறு பை, வெள்ளை வளையமாகத் தெரியும். ஆறு வாரத்தை ஒட்டித்தான் அந்த வளையத்தின் ஓரத்தில் கருமுளையும், அதில் மினுக் மினுக்கென்று ஒரு துடிப்பும் கண்ணுக்குப் படத் தொடங்கும். முதன்முறை பார்ப்பவர்களுக்கு அது இதயம் என்று நம்பவே சற்று நேரம் ஆகும். ஊசிமுனை அளவு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிவது போலத்தான் இருக்கும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 110 அளவில் இருக்கும் துடிப்பு, ஒன்பதாவது வாரத்தில் 170ஐ ஒட்டி ஏறி, அதன் பிறகு சற்றுத் தணியும். துடிப்பின் ஒலியைக் கேட்க வைக்கவில்லையே என்று கலங்காதீர்கள். ஒலிக்காகப் பயன்படுத்தும் டாப்ளர் முறையில் ஆற்றல் ஒரே இடத்தில் கூடுதலாகக் குவியும் என்பதால், முதல் மூன்று மாதத்தில் அதைத் தேவையின்றிப் பயன்படுத்தாமல், திரையில் கோடாக எழும் அசைவைக் கொண்டே துடிப்பை எண்ணுவது நல்ல வழக்கம்.

"பத்து நாள் கழித்து மறுபடியும் வாருங்கள்" என்று சொன்னால் அதைக் கெட்ட செய்தியின் முன்னோட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். துடிப்பு இல்லை என்று ஒரே ஸ்கேனில் முடிவு கட்டுவதற்குக் கண்டிப்பான அளவுகள் உண்டு: பிறப்புறுப்பின் வழியே எடுக்கும் உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரை எட்டிய பின்னும் துடிப்பு இல்லாதிருக்க வேண்டும், அல்லது நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரை எட்டிய பின்னும் கருமுளை தென்படாதிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த அளவில் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஏழு முதல் பதினான்கு நாள் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. அந்தப் பத்து நாள் எவ்வளவு நீளமானது என்பதை அறிவேன். ஆனாலும் அவசர முடிவைவிட அந்தக் காத்திருப்பே உங்களுக்குப் பாதுகாப்பு.

ஏழெட்டு வாரத்தில் பெரும்பாலும் உள்வழி ஸ்கேன்தான் எடுப்பார்கள், ஏனெனில் வயிற்றின் மேலிருந்து பார்ப்பதைவிட அதில் கரு தெளிவாகத் தெரியும். மேலுறை போட்ட, விரலைவிடச் சற்றுத் தடிமனான கருவியைப் பிறப்புறுப்பின் வழியே மெதுவாக உள்ளே வைப்பார்கள். அது கருப்பையின் வாய்க்குள் நுழையாது; அதனால் கரு கலையாது. கொஞ்சம் அழுத்தம் தெரியும். வலித்தால் நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். வயிற்றின் மேல் எடுப்பதற்கோ நிறைந்திருக்க வேண்டும். எந்த ஸ்கேன் என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கோத்தகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறி, குன்னூர் வருவதற்குள் தவித்துப்போன பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் குன்னூர் வந்து சேர்ந்த பிறகு குடியுங்கள். நம் ஊர்க் குளிரில் ஸ்கேன் ஜெல் பனிக்கட்டி போலச் சில்லென்றிருக்கும் என்பதால், எங்கள் செவிலியர் ஒருவர் காலையிலேயே ஜெல் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்துவிடுவார். எல்லா இடத்திலும் அப்படி இருக்காது. ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டுக்கொண்டே படுத்துக்கொள்ளலாம்.

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அந்த வளைவுகள் குமட்டலைக் கிளப்பும், ஆனால் கருவைக் குலைக்காது. முன்பக்க இருக்கையில் உட்காருங்கள். வெறும் வயிற்றோடு கிளம்பாமல் இரண்டு ரொட்டியோ இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நல்ல செய்தியாகவே இருக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையால் கலைபவை. கொழுந்து பறித்ததோ, பேருந்தில் போனதோ, படி ஏறியதோ அந்தப் பிழையை உண்டாக்குவதில்லை. சென்ற முறை நீங்கள் செய்த எதுவும் அதற்குக் காரணம் என்று எண்ண வேண்டாம். ஒருமுறை கரு கலைந்த பெண்களில் பெரும்பாலோர் அடுத்த முறை நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். எட்டாவது வாரத்தில் சீரான துடிப்பைப் பார்த்துவிட்டால், அதன் பிறகு கலையும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் பன்னிரண்டாம் வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். அது மட்டுமல்ல, கரு கருக்குழாயிலேயே தங்கிவிட்டால் அதைக் காலத்தோடு கண்டறிய இந்த ஸ்கேன்தான் வழி. ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம், பெருகும் உதிரப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் குறித்த நாளுக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேரவும் நேரம் பிடிக்கும் என்பதால், விடியட்டும் என்று பார்க்காதீர்கள். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால், சிறு கசிவு இருந்தாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மருமகளுக்கு மூன்று மாதத்துக்குள் இரண்டு ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். இப்போது என்.டி. ஸ்கேன் என்று மூன்றாவதாக ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் ஒன்றுகூட எடுத்ததில்லை. கதிர் பட்டுக் குழந்தைக்குக் கெடுதல் வராதா?
— வாசகி, உதகமண்டலம்

பதில்: ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, அம்மா. காதுக்குக் கேட்காத ஒலியலைகளை அனுப்பி, அவை திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். நம் பள்ளத்தாக்குகளில் குரல் மோதித் திரும்புவதைப் போன்றதுதான். கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்ட் 1958இல் இம்முறையில் எடுத்த படங்களை வெளியிட்டதிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இது பயன்பட்டு வருகிறது. தேவையான ஸ்கேன்களால் குழந்தைக்குத் தீங்கு வந்ததாக நிறுவப்படவில்லை.

மூன்றாவது ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம் என்று உங்கள் மருமகளிடம் நீங்களே சொல்லுங்கள். மாமியார் சொன்னால் அவருக்குத் தெம்பு வரும். கருவின் பின்கழுத்தில் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிமனை அதில் அளக்கிறார்கள். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது மட்டுமே அந்த அளவுக்குப் பொருள் உண்டு. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வாய்ப்பு கைநழுவிவிடும். உடன் டபுள் மார்க்கர் என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இரண்டும் சேர்ந்து டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடுகளின் வாய்ப்பைக் கணிக்கின்றனவே ஒழிய, குறை இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. 'ஹை ரிஸ்க்' என்று அறிக்கை வந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அடுத்தகட்டப் பரிசோதனையில் குழந்தை நலம் என்றே தெரியவருகிறது. ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் வீட்டில் அழுகையைத் தொடங்காமல், அறிக்கையை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் பணியர் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். என் மனைவிக்கு ஒன்பதாவது வாரம். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பிறகும் எதற்காகச் சிக்கிள் செல் பரிசோதனைக்கு இரத்தம் கேட்கிறார்கள்?
— வாசகர், கூடலூர்

பதில்: சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணு இரத்தசோகை, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை இரத்த நோய்; அது ஸ்கேனில் தெரியாது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1952இல் அறியப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். ஆகவே இங்கே அந்தப் பரிசோதனை மிகவும் தேவை. கணவன், மனைவி இருவருமே நோயின்றி அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படித் தெரியவந்தால், கருவுக்கு நோய் உண்டா என்பதைப் பதினோராம் வார அளவில் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துக் கண்டறிய முடியும். மனைவியின் முடிவு வந்த பிறகு உங்களை அழைத்து, உங்கள் முடிவுக்கும் காத்திருந்தால் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும் என்பதால், மனைவி இரத்தம் கொடுக்கும் அன்றே நீங்களும் சட்டைக் கையை மடித்து நீட்டிவிடுங்கள்.